எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டைச் சுவர்: செலவுக்கு ஏற்ற பலன் கிடைத்ததா?

முதுகலை மாணவி எழுதியது:

வணக்கம். ஒழுங்குமுறை விதிகளின் செலவையும் பயனையும் எடைபோடும் பாடத்துக்காக ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். எண்ணெய்க் கப்பல்களின் பாதுகாப்பு விதிகளைத் தேர்ந்தெடுத்தேன். விதி வந்த நாள் தெரியும், அதற்குக் காரணமான விபத்தும் தெரியும், பின்னர் கடலில் எவ்வளவு எண்ணெய் கலந்தது என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஆகவே எளிதாக முடிந்துவிடும் என்று எண்ணினேன். மூன்று வாரங்களாக ஒரே பக்கத்தில் நிற்கிறேன்.

1989 மார்ச் 24 அன்று 'எக்ஸான் வால்டீஸ்' அலாஸ்காவில் பாறைத்திட்டு ஒன்றில் தரைதட்டி, ஏறத்தாழ 37,000 டன் கச்சா எண்ணெயைக் கடலில் கொட்டியது. அடுத்த ஆண்டே அமெரிக்கா எண்ணெய் மாசுச் சட்டத்தை நிறைவேற்றியது. 1992-இல் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு, கப்பல்களால் கடல் மாசுபடுவதைத் தடுக்கும் மார்போல் உடன்படிக்கையைத் திருத்தி, 1993 ஜூலை 6-க்குப் பிறகு கட்டுமான ஒப்பந்தமாகும் 5,000 டன் சுமைத்திறனும் அதற்கு மேலும் உள்ள எண்ணெய்க் கப்பல்களுக்கு இரட்டைச் சுவரோ (வெளிச்சுவர், உட்சுவர் என இரண்டு அடுக்கு) அதற்கு நிகரான வடிவமைப்போ வேண்டும் என்று விதித்தது.

செலவுப் பக்கத்தை நான் இப்படிப் போட்டேன். இரண்டாவது சுவருக்காக ஒரு மிகப்பெரிய கச்சா எண்ணெய்க் கப்பலுக்கு 1.5 கோடி டாலர் கூடுதலாகிறது என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குக்காக நானே எடுத்துக்கொண்ட தொகை. அத்தகைய கப்பல் ஒரு நடைக்கு 20 லட்சம் பீப்பாய் சுமக்கும். ஆண்டுக்கு ஆறு நடை, 20 ஆண்டு உழைப்பு என்றால் 24 கோடி பீப்பாய். வட்டியைச் சேர்க்காமல் பார்த்தால் பீப்பாய்க்கு 6.25 சென்ட்; வட்டியையும் பராமரிப்பையும் சேர்த்து இரட்டிப்பாக்கினாலும் 12.5 சென்ட். ஒரு பீப்பாய் 159 லிட்டர் என்பதால், லிட்டருக்குப் பத்தில் ஒரு சென்ட்கூட ஆகவில்லை. இவ்வளவு மலிவான பாதுகாப்பை யார் வேண்டாம் என்பார்கள் என்று எழுதிவிட்டுப் பயன் பக்கத்துக்குப் போனேன். அங்கேதான் சிக்கிக்கொண்டேன்.

ஐடாப்ஃப் என்ற கப்பல் உரிமையாளர் கூட்டமைப்பு வெளியிடும் புள்ளிவிவரப்படி, 700 டன்னுக்கு மேற்பட்ட பெருங்கசிவுகள் 1970-களில் ஆண்டுக்குச் சராசரியாக 24.5 நிகழ்ந்தன. 1980-களில் அது 9.4 ஆகவும், 1990-களில் 7.7 ஆகவும், 2000-களில் 3.2 ஆகவும், 2010-களில் 1.8 ஆகவும் இறங்கியது. மிகப்பெரிய சரிவு 70-களுக்கும் 80-களுக்கும் இடையில் நடந்திருக்கிறது. அப்போது இரட்டைச் சுவர் கட்டாயமே இல்லை! அப்படியானால் எந்தச் சரிவை எந்த விதியின் வரவில் எழுதுவது? கடலில் கலக்காமல் தடுக்கப்பட்ட ஒரு டன் எண்ணெய்க்கு என்ன மதிப்புப் போடுவது? இந்தத் துறையில் உழைத்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சுக்கான் எழுதியது:

எண்ணெய்க் கப்பல்களில் 22 ஆண்டுகள் பணியாற்றி, முதன்மை அதிகாரியாக இருந்து கரை சேர்ந்தவன் நான். பொருளியல் எனக்குத் தெரியாது. 70-களுக்கும் 80-களுக்கும் இடையில் என்ன மாறியது என்பதைச் சொல்ல முடியும்.

முதலில் மந்த வாயு. 1969 டிசம்பர் என்ற ஒரே மாதத்தில் மூன்று பெரிய எண்ணெய்க் கப்பல்களின் தொட்டிகள், கழுவும் வேலை நடக்கும்போதே வெடித்தன. அவற்றுள் 'மார்பெஸ்ஸா' மூழ்கியே போனது. அதிவேக நீர்த்தாரையில் நிலைமின்னூட்டம் உருவாகிறது. தொட்டிக்குள் எண்ணெய் ஆவியும் காற்றும் தீப்பற்றும் விகிதத்தில் கலந்திருந்தால் ஒரு சிறு பொறி போதும். கொதிகலனின் புகையைக் கழுவிக் குளிர்வித்துத் தொட்டிக்குள் செலுத்தி, ஆக்சிஜனை 8 சதவீதத்துக்குக் கீழே வைத்திருந்தால் பொறி விழுந்தாலும் தீப்பற்றாது. கப்பலில் எப்படியும் வீணாகப் போகிற புகையைக் கொண்டே செய்கிற வேலை என்பதால் செலவும் பெரிதன்று. உயிரையும் கப்பலையும் எண்ணெயையும் ஒருசேரக் காத்த ஏற்பாடு இதைப் போல வேறொன்றை நான் பார்த்ததில்லை.

அடுத்தது தனிப் பாலாஸ்ட் தொட்டி. சரக்கில்லாத கப்பல் நிலையாக மிதக்க நிரப்பும் கடல்நீரே பாலாஸ்ட். முன்பெல்லாம் எண்ணெய் இறக்கிய தொட்டியிலேயே கடல்நீரை நிரப்பிக்கொண்டு திரும்பி வந்து, துறைமுகம் நெருங்கும்போது எண்ணெய் கலந்த அந்த நீரைக் கடலில் விடுவார்கள். அது விபத்தே இல்லை, அன்றாட வேலை. நீங்கள் காட்டும் புள்ளிவிவரத்தில் விபத்துக் கசிவுகள் மட்டுமே இருப்பதால், இந்த அன்றாடக் கழிவை நிறுத்திய 1973/78 மார்போல் விதிகளின் பயன் உங்கள் அட்டவணைக்குள் வரவே வராது. இவற்றோடு போக்குவரத்துப் பாதைகளை எதிரெதிராகப் பிரித்தது, 1978-இல் 'அமோகோ காடிஸ்' சுக்கான் பழுதாகிப் பிரான்சின் கரையில் 2,20,000 டன்னுக்கு மேல் கொட்டிய பிறகு துறைமுக நாடுகள் ஒன்றுகூடி வெளிநாட்டுக் கப்பல்களைச் சோதிக்கத் தொடங்கியது ஆகியவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரட்டைச் சுவருக்கு வருகிறேன். பெரிய கப்பல்களில் இரண்டு சுவர்களுக்கும் இடையில் சுமார் 2 மீட்டர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியே பாலாஸ்ட் தொட்டி. அதன் வேலையை நேரில் காட்டிய இரண்டு விபத்துகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 2007 டிசம்பரில் கொரியாவில் நங்கூரமிட்டு நின்ற 'ஹெபெய் ஸ்பிரிட்' என்ற ஒற்றைச் சுவர்க் கப்பலின் மீது, கட்டறுந்து வந்த பாரந்தூக்கி மிதவை ஒன்று மோதியது. சுமார் 10,900 டன் கச்சா எண்ணெய் வெளியேறியது. 2009 மார்ச்சில் டெக்சாஸ் கரைக்கு அப்பால் 'எஸ்.கே.எஸ். சாட்டில்லா' என்ற இரட்டைச் சுவர்க் கப்பல், முந்தைய ஆண்டுப் புயலில் காணாமற்போய் நீருக்கடியில் கிடந்த துரப்பண மேடையின் மீது ஏறியது. வெளிச்சுவர் நீளமாகக் கிழிந்து கப்பலே ஒருபக்கம் சாய்ந்தது, எண்ணெய் சிந்தவில்லை. ஆனால் 2010 ஜனவரியில் அதே மாநிலத்தில் 'ஈகிள் ஒட்டோமே' இரட்டைச் சுவரோடு இருந்தும், மோதல் வலுவாக இருந்ததால் இரண்டு சுவரும் கிழிந்து ஏறத்தாழ 11,000 பீப்பாய் போனது. தரைதட்டலிலும் மெதுவான மோதலிலும் இது பெரிதும் காக்கும். வேகமான மோதலில் ஓரளவே காக்கும். தீயிலும் வெடிப்பிலும் எதுவும் செய்யாது.

பராமரிப்பைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் இரட்டிப்பு என்று போட்டிருப்பது எனக்கு உறுத்துகிறது. அந்த இடைவெளிக்குள் இறங்கியவர்களுக்கே அதன் விலை தெரியும். மேல்தளத்தில் உள்ள ஆள்துளை மூடியைத் திறந்து, பல மணிநேரம் காற்றோட்டம் கொடுத்து, ஆக்சிஜன் மானி 20.9 காட்டிய பின்னரே இறங்குவோம். உள்ளே இருட்டு, கைவிளக்கின் வெளிச்சத்தில் நீளவாட்டு விட்டங்கள் ஏணிப்படிகள் போல ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும், ஒவ்வொன்றின் மேலும் சேறு படிந்திருக்கும். அப்பால் சூடேற்றிய சரக்கு இருந்தால், வெளிச்சுவர் தடுப்பதால் கடலின் குளிர்ச்சி உட்சுவருக்கு எட்டாது. வெந்நீர்க் குடுவைக்குள் நிற்பது போலிருக்கும். அந்த வெப்பமும் உப்பீரமும் சேர்ந்தால் வண்ணப்பூச்சு கொப்பளிக்கும். சுத்தியலால் தட்டினால் துரு பொருக்குப் பொருக்காக உதிரும்.

ஒருமுறை நான்காம் இடப்புறத் தொட்டியில் இறங்கியபோது பாலாஸ்ட் நீரின் வாடையோடு கச்சா எண்ணெயின் வாடையும் மூக்கில் ஏறியது, இடுப்பிலிருந்த வாயுமானி கூவத் தொடங்கியது. உட்சுவரில், விட்டம் சேரும் மூலையில், உள்ளங்கை நீளத்துக்கு ஒரு விரிசல். வெளியே ஏறிவந்து கரைக்குத் தகவல் அனுப்பினேன். அடுத்த உலர்துறைப் பராமரிப்பு வரை கண்காணித்தால் போதும் என்று பதில் வந்தது. ஐந்து மாதங்கள், வெடிக்கும் ஆவி கசிகிற இடைவெளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடினோம். ஒற்றைச் சுவர்க் கப்பலில் இப்படியோர் இடைவெளியே கிடையாது. இரண்டாவது சுவர் ஓர் அபாயத்தைக் குறைத்தது. இன்னொன்றை எங்கள் பக்கம் தள்ளியது.

எதிர்க்கணக்கு எழுதியது:

சுக்கான் அவர்களின் பதிவு உங்கள் முதற்கேள்விக்குப் பெரும்பாலும் விடை சொல்லிவிட்டது. 70-களின் சரிவில் ஒரு பகுதிக்கு விதிகளே காரணமில்லை என்பதையும் மறக்க வேண்டாம். 1979-க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறியதால் 1980-களின் முற்பகுதியில் கடல்வழி எண்ணெய் வாணிகமே சுருங்கிவிட்டது. அதன் பிறகு வாணிகம் மீண்டும் வளர்ந்தபோதும் கசிவுகள் தொடர்ந்து குறைந்தன என்பதே விதிகளுக்குச் சாதகமான வலுவான சான்று.

நான் மறுப்பது உங்கள் செலவுப் பக்கத்தின் முடிவை. பீப்பாய்க்குப் பன்னிரண்டரை சென்ட் என்றதும் மலிவு என்று எழுதிவிட்டீர்கள். எதையும் போதுமான அளவு சிறு துண்டுகளாக நறுக்கினால் மலிவாகத்தான் தெரியும். கடல்வழியே நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 கோடி பீப்பாய் கச்சா எண்ணெய் போகிறது. ஆண்டுக்கு 1,460 கோடி பீப்பாய். உங்கள் வீதப்படி 182 கோடி டாலர். சிறிய கப்பல்களில் பீப்பாய்க்குத் தேவைப்படும் கூடுதல் இரும்பு அதிகம் என்பதால் உண்மைச் செலவு இதற்கும் மேலே போகும். ஆண்டுதோறும் 182 கோடி டாலரைக் கையில் கொடுத்துக் கடலைக் காப்பாற்று என்று சொன்னால், முழுவதையும் இரும்பில் போடுவீர்களா என்பதே சரியான கேள்வி.

இனிப் பயன். ஒரு டன் கசிவைத் தடுக்க எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு, பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் பாதுகாப்பு மதிப்பீட்டு விவாதங்களில் 60,000 டாலர் என்ற அளவு முன்வைக்கப்பட்டது. அதை ஏற்றால், 182 கோடிக்கு ஆண்டுக்குச் சுமார் 30,000 டன் தடுக்கப்பட்டாலே வரவும் செலவும் சரியாகிவிடும். 1990-களில் மொத்தமாக 11 லட்சம் டன்னுக்கு மேல் கடலில் கலந்தது. 2000-களில் அது ஏறத்தாழ 2 லட்சம். ஆண்டுக்கு 90,000 டன்னுக்கு மேல் குறைவு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கு இரட்டைச் சுவர் காரணம் என்று காட்டினால் விதி தேறிவிடும்.

ஆனால் அந்த 60,000 கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. கசிவு பெரிதாக ஆக டன்னுக்கான செலவு குறைகிறது என்பதை அது கணக்கில் கொள்ளவில்லை. பின்னர் அதே அமைப்பின் வழிகாட்டுதலில், டன் எண்ணிக்கையை 0.5893 என்ற அடுக்குக்கு உயர்த்தி 67,275-ஆல் பெருக்கும் சூத்திரம் இடம்பெற்றது. எக்ஸான் வால்டீஸின் 37,000 டன்னை அதில் போட்டுப் பாருங்கள், 3.3 கோடி டாலர் வரும். இந்த வீதத்தில் 182 கோடியை ஈடுகட்ட ஆண்டொன்றுக்கு 55 எக்ஸான் வால்டீஸ்களைத் தடுத்தாக வேண்டும்! ஓர் அளவுகோலில் விதி எளிதாகத் தேறுகிறது, மற்றொன்றில் படுதோல்வி. 1990-களில் இரட்டைச் சுவரை ஆராய்ந்த பொருளியலாளர்கள் சிலர், தடுக்கப்படும் எண்ணெயின் மதிப்பு கட்டுமானச் செலவுக்கு ஈடாகாது என்ற முடிவுக்கே வந்தார்கள்.

எக்ஸான் வால்டீஸ் விசாரணையில் காவல்பணியில் இருந்த அதிகாரியின் களைப்பும் பணிச்சுமையும், தலைவரின் தவறும், கரையிலிருந்த போக்குவரத்துக் கண்காணிப்பின் குறையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இவற்றுள் எதற்கும் இரும்பு மருந்தில்லை. இன்று அதே நீர்ப்பகுதியில் சுமையேற்றிய ஒவ்வொரு எண்ணெய்க் கப்பலுடனும் இரண்டு இழுவைக் கப்பல்கள் துணைக்குப் போகின்றன. அபாயமான பகுதியில் மட்டும் செலவாகும் ஏற்பாடு அது. இரட்டைச் சுவரோ நடுக்கடலில் எதன் மீதும் மோத வாய்ப்பில்லாத வாரங்களிலும் எடையாகக் கூடவே வருகிறது.

கரையோரம் எழுதியது:

எண்ணெய்க் கசிவு இழப்பீட்டுக் கோரிக்கைகளைச் சரிபார்க்கும் பணியில் நீண்டகாலம் இருந்தேன். எதிர்க்கணக்கு அவர்கள் சொன்ன 3.3 கோடியைப் பார்த்ததும் எழுதத் தோன்றியது. எக்ஸான் வால்டீஸில் கரையைத் துப்புரவு செய்ய அந்நிறுவனம் செலவிட்டது மட்டுமே 200 கோடி டாலருக்கு மேல். சூத்திரத்தின் விடையைப் போல 60 மடங்கு. வேடிக்கை என்னவென்றால், விமர்சனத்துக்கு உள்ளான 60,000 டாலர் வீதத்தில் போட்டால் 222 கோடி வருகிறது. அந்த ஒரு விபத்துக்கு அது கிட்டத்தட்டப் பொருந்திவிடுகிறது.

இதனால் 60,000 சரியென்று சொல்ல வரவில்லை. டன் என்ற அலகே தவறு என்கிறேன். கப்பலிலிருந்து கொட்டியவற்றுள் மிகப்பெரியது 1979-இல் டொபாகோவுக்கு அப்பால் மோதிய 'அட்லாண்டிக் எம்ப்ரஸ்'; 2,87,000 டன். பெரும்பகுதி நடுக்கடலில் எரிந்தும் சிதறியும் போனதால் கரைக்குப் பெரிய சேதமில்லை. 1993-இல் ஷெட்லாந்தில் 'பிரேயர்' 85,000 டன்னைக் கொட்டியது. இலேசான எண்ணெய், கூடவே ஓயாத புயல், அலையே கலைத்துவிட்டது. 1999 டிசம்பரில் பிரான்சுக்கு அப்பால் முறிந்த 'எரிக்கா'விலிருந்து வந்தது ஏறத்தாழ 20,000 டன் மட்டுமே. ஆனால் அது கனரக எரியெண்ணெய். ஆவியாகாது, கரையாது, கடல்நீரோடு சேர்ந்து பசைபோல் திரண்டு அளவில் பெருகும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கரையில் கட்டிக்கட்டியாக ஒதுங்கும். அப்படிப்பட்ட கரையை நான் பார்த்திருக்கிறேன். இயந்திரம் இறங்க முடியாத பாறைச்சந்துகளில் ஆட்கள் கரண்டியால் வழித்து வாளியில் போட்டுக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஒரு டன் எண்ணெய், மணலும் பாசியும் சேர்ந்து, பல டன் கழிவாக ஏறியது. அதைக் கொட்ட இடம் தேடுவதே தனிச் செலவு.

ஆகவே, எந்த எண்ணெய், எந்தக் கரை, எந்தப் பருவம் என்ற மூன்றும் தெரியாமல் டன்னுக்கு விலை சொல்வதில் பொருளில்லை. மாணவி அவர்களுக்கு என் யோசனை: தொகையைச் சராசரியாகப் போடாதீர்கள். 1990-களில் சிந்தியதில் ஏறத்தாழ முக்கால் பங்கு பத்தே விபத்துகளிலிருந்து வந்தது. 2010-களின் மொத்தத்தில் பெரும்பகுதி, 2018 ஜனவரியில் கிழக்குச் சீனக் கடலில் மோதி எரிந்து 32 பேரையும் பலிகொண்ட 'சான்ச்சி' என்ற ஒரே கப்பலினுடையது. அது இரட்டைச் சுவர்க் கப்பல், சரக்கு மிக இலேசான இயற்கை எரிவாயுத் திரவம். இத்தகைய பரவலில் பத்தாண்டுச் சராசரி என்பது ஒன்றிரண்டு விபத்துகள் நடந்தனவா இல்லையா என்பதை மட்டுமே சொல்லும்.

இன்னொன்று. கோரிக்கை செலுத்தப்பட்ட தொகையை அந்த விபத்தின் மொத்தச் செலவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சூத்திரத்துக்கு அடிப்படையான தரவுகளிலும் இந்தக் குறை உண்டு. 1992 உடன்படிக்கைகளின்படி கப்பல் உரிமையாளரின் பொறுப்புக்கு உச்சவரம்பு உண்டு. மிகப்பெரிய கப்பலுக்கு 8.977 கோடி சிறப்பு எடுப்புரிமை அலகுகள் (பன்னாட்டுச் செலாவணி நிதியத்தின் கணக்கு அலகு). அதற்கு மேல், எண்ணெய் பெறும் நிறுவனங்கள் பணம் செலுத்தும் பன்னாட்டு நிதியையும் சேர்த்து 20.3 கோடி அலகுகள். 'பிரஸ்டீஜ்' 2002-இல் ஸ்பெயினுக்கு அப்பால் 63,000 டன்னைக் கொட்டிய பிறகே 75 கோடி அலகுகள் வரையிலான துணை நிதி 2003-இல் உருவானது, அதுவும் விரும்பிச் சேரும் நாடுகளுக்கு. மீனவரின் வலை, விடுதிக்காரரின் காலியான அறை, துப்புரவுக் கூலி ஆகியவற்றுக்குச் சீட்டு இருக்கும். செத்த கடற்பறவைகளுக்கு மாதிரிக் கணக்குப் போட்டுக் கேட்டால் நிதி ஏற்காது. வரம்பு இருப்பதால் தன் கப்பல் விளைவிக்கக்கூடிய முழுச் சேதத்தையும் உரிமையாளர் மனத்தில் கொண்டு இயங்க வேண்டிய கட்டாயமில்லை. அந்த ஓட்டையை அடைக்கத்தான் கட்டுமான விதி வருகிறது. இழப்பீட்டுச் சட்டம் முழுமையாக இருந்திருந்தால், எத்தனை சுவர் வேண்டும் என்பதைக் காப்பீட்டுக் கட்டணமே தீர்மானித்திருக்கும்.

சீட்டில்லாத அந்தப் பகுதியை அளக்கவும் ஒருமுறை முயன்றார்கள். அலாஸ்கா அரசுக்காக நடந்த ஆய்வில், அந்தக் கரையைக் கண்ணால்கூடப் பார்க்காத அமெரிக்கக் குடும்பங்களிடம், இன்னொரு முறை இப்படி நடக்காமல் தடுக்க எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டு, கூட்டினால் குறைந்தது 280 கோடி டாலர் என்று கண்டார்கள். கையில் பணம் எடுக்காமல் சொல்லும் விடையை நம்பலாமா என்று பெரிய சண்டை எழுந்து, பொருளியலாளர்கள் கென்னத் ஆரோவும் ராபர்ட் சோலோவும் தலைமை தாங்கிய குழு 1993-இல் கடுமையான நிபந்தனைகளோடு அந்த முறையை ஏற்றது. உங்கள் துறைக்காரர்களே போட்ட சண்டை என்பதால் அதைப் பற்றி நீங்களே எழுதலாம்.

முதுகலை மாணவி எழுதியது:

மூவருக்கும் நன்றி. நான் ஒரே விதியாக எழுதியதை மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்று இப்போது புரிகிறது: புதிதாகக் கட்டும் கப்பலுக்கு இரட்டைச் சுவர், ஓடிக்கொண்டிருக்கும் ஒற்றைச் சுவர்க் கப்பலைக் குறித்த ஆண்டுக்குள் விலக்குதல், எரிக்காவுக்கும் பிரஸ்டீஜுக்கும் பிறகு அந்த விலக்கும் காலத்தை முன்னே இழுத்தது. மூன்றாவதற்கு, சில ஆண்டுகள் முன்னதாக உடைப்புக்குப் போன கப்பல்களின் மீதி ஆயுள் மட்டுமே செலவு. அந்தச் சில ஆண்டுகளில் நடக்காமற்போன விபத்துகள் மட்டுமே பயன். இப்படிப் பிரித்தால் கணக்கு நேராகும் என்று நினைக்கிறேன். விலக்கப்பட்ட கப்பல்கள் அனைத்தும் உடைப்புக்குத்தான் போயின என்று எடுத்துக்கொள்ளலாமா?

சுக்கான் எழுதியது:

எடுத்துக்கொள்ள முடியாது. பல உடைபட்டன. ஆனால் கச்சா எண்ணெய் சுமக்கத் தகாது என்று ஆன பெரிய கப்பல்கள் சிலவற்றை இரும்புத்தாது சுமப்பவையாக மாற்றிக்கொண்டார்கள். அவற்றுள் ஒன்று 'ஸ்டெல்லார் டெய்சி'. 1993-இல் எண்ணெய்க் கப்பலாகக் கட்டப்பட்டு, பின்னர் தாதுக் கப்பலாக மாற்றப்பட்டது. 2017 மார்ச் 31 அன்று தென் அட்லாண்டிக்கில் கட்டமைப்பு சிதைந்து விரைவாக மூழ்கியது. 24 பேரில் இருவர் மட்டுமே பிழைத்தார்கள். எண்ணெய் மாசுக் கணக்கில் அது ஒரு வரிகூட இல்லை. விலக்கும் விதியால்தான் அது மூழ்கியது என்று நான் சொல்லமாட்டேன். மாற்றியமைப்பை அனுமதித்தவர்களும் சோதித்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் விலக்கப்பட்ட கப்பல் எங்கே போனது என்று கேட்காத கணக்கில் அந்த 22 பேருக்கு இடம் கிடைக்காது.

எதிர்க்கணக்கு எழுதியது:

அந்தக் கேள்வி இன்றைக்கும் பொருந்தும். 2022-க்குப் பிறகு பொருளாதாரத் தடைகளைச் சுற்றிக்கொண்டு போகும் நிழற்படையில் வயதான கப்பல்கள் நிறைய. காப்பீடு யாரிடம், உரிமையாளர் யார் என்பதே பல நேரங்களில் தெளிவில்லை. பெரும்பாலானவை இரட்டைச் சுவர்க் கப்பல்களே. சுவர் இருக்கிறது, அதைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பவர் இல்லை. சுக்கான் விவரித்த உள்ளங்கை நீள விரிசல் அங்கே இருந்தால் யாருக்குத் தகவல் போகும்? ஆகவே என் முந்தைய பதிவில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். கூடுதல் செலவை இரும்பின் விலையாகவே எழுதினேன். பயனைத் தருவது சோதனையோடு சேர்ந்த இரும்பு என்பதால், சோதனையாளரின் சம்பளத்தையும் அதே வரியில் சேர்க்க வேண்டும், சோதனை இல்லாத கப்பலுக்குப் பயனையும் குறைத்துப் போட வேண்டும்.

கரையோரம் எழுதியது:

மாணவி அவர்களே, கட்டுரையில் ஒப்பிட நல்ல எடுத்துக்காட்டு ஒன்று. ஏமனுக்கு அப்பால் 1976-இல் கட்டப்பட்ட 'சேஃபர்' என்ற ஒற்றைச் சுவர்ச் சேமிப்புக் கப்பல், 11 லட்சம் பீப்பாய்க்கு மேல் எண்ணெயோடு, போரினால் பராமரிப்பின்றி ஆண்டுக்கணக்கில் நின்றது. மந்த வாயு அமைப்பும் செயலிழந்திருந்தது. உடைந்தால் துப்புரவுக்கு மட்டும் 2,000 கோடி டாலர் ஆகலாம் என்று ஐக்கிய நாடுகள் அவை மதிப்பிட்டது. எண்ணெயை வேறு கப்பலுக்கு மாற்றும் திட்டத்துக்குத் தேவைப்பட்டது அதில் நூற்றில் ஒரு பங்கை ஒட்டிய தொகைதான். அதைத் திரட்டுவதற்குள் பொதுமக்களிடம்கூட நன்கொடை கேட்க வேண்டியதாயிற்று. மாற்றம் 2023 ஆகஸ்டில் முடிந்தது. செலவு–பயன் விகிதம் இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது, அப்படியிருந்தும் பணம் வர ஆண்டுகள் ஆயின. பயன் பெறுபவர் பலர், செலவிடச் சட்டப்படி கடமைப்பட்டவர் எவரும் இல்லை. உங்கள் அட்டவணையில் 'செலவு', 'பயன்' என்ற இரண்டு பத்திகளுக்குப் பக்கத்தில் 'யாருடையது' என்று மூன்றாவது பத்தி ஒன்றைப் போட்டு நிரப்பிப் பாருங்கள். இரட்டைச் சுவர் வரியில் அந்தப் பத்தி எளிதாக நிரம்பும். பீப்பாய்க்கு அந்தப் பன்னிரண்டரை சென்ட்டை இறுதியில் எண்ணெய் வாங்குபவர்தான் கொடுக்கிறார்.

முதுகலை மாணவி எழுதியது:

நேற்றிரவு நிரப்பிப் பார்த்தேன். உட்சுவர்ச் சோதனை என்ற வரியில் 'யாருடையது' பத்திக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல், சுக்கான் அவர்கள் தொட்டிக்குள் கழித்த மணிநேரங்களை இப்போதைக்கு அங்கே குறித்து வைத்திருக்கிறேன். ஒரு பெரிய கப்பலின் பாலாஸ்ட் தொட்டிகள் அனைத்தையும் ஒருமுறை இறங்கிச் சோதிக்க எத்தனை ஆள், எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல முடியுமா, ஐயா?

சுக்கான் எழுதியது:

என் அனுபவத்தில் உள்ளே இருவர், ஆள்துளை வாயிலில் ஒருவர், கப்பலை இயக்கும் மேலறையில் வானொலியோடு ஒருவர். நாளொன்றுக்கு இரண்டு தொட்டி பார்த்தால் அதிகம். காற்றோட்டத்துக்கே பாதி நாள் போய்விடும். பாலாஸ்ட் இல்லாமல் தொட்டி காலியாக இருப்பது சுமையேற்றிய பயணத்தில் மட்டுமே என்பதால், முழுச் சுற்றும் முடிய இரண்டு மூன்று பயணங்கள் பிடிக்கும். வாயிலில் நிற்பவரை எண்ண மறந்துவிடாதீர்கள். பார்ப்பதற்குச் சும்மா நிற்பது போலிருக்கும்.